சேதுவின் படத்துக்கு நான் சிரித்ததில்லை

புவாண்ட்-கிளேர் அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டைத் திறந்தபோது செய்தி வந்தது. ரொக்ஸ்பரோவில் வீட்டு வாசலில் பனி வாரிக்கொண்டிருந்த என் நண்பன் சேதுராமன் அப்படியே விழுந்து இறந்துவிட்டான். பலவீனமான இதயத்தோடு பனி வார வேண்டாம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார், மனைவி பார்வதி கெஞ்சியிருந்தாள், நான் திட்டியிருந்தேன். ஒருநாள் இப்படித்தான் விழுவான் என்று எங்கள் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அவனுக்குத்தான் தெரியவில்லை. எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

அவனோடு பழகிய உங்களுக்கு அந்தப் படத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். இளமையில் மாஸ்கோவில் பொறியியல் படித்த சேது, அங்கிருந்து ஒரு பட்டத்தோடு ஒரு பழைய சோவியத் நகைச்சுவைப் படத்தையும் கொண்டுவந்து சேர்த்தான். மூன்று திருட்டுத் தடியன்கள் கிடங்கைக் கொள்ளையடிக்கப் போய், ஏணியிலிருந்து விழுந்து, சுண்ணாம்புத் தொட்டியில் புரண்டு, ஒருவரையொருவர் மொத்திக்கொள்வார்கள். அவ்வளவுதான் கதை. வருஷா வருஷம் முதல் பனி விழுந்த வாரம் எங்களையெல்லாம் பேஸ்மென்டில் உட்கார வைத்து இதைப் போடுவான். முடியும்வரை யாருக்கும் சோறு கிடையாது.

திரையின் கீழே எழுத்து ஓட விடமாட்டான். "படிச்சுக்கிட்டே எப்படிடா சிரிப்பே?" என்று, தானே பக்கத்தில் நின்று மூன்று பேருக்கும் தமிழில் குரல் கொடுப்பான். ஒவ்வொருவன் விழுவதற்கு முன்பும் கொஞ்சம் நிறுத்தி, "இப்ப பாரு!" என்பான். முன்னாலேயே சொல்லிவிட்டால் சிரிக்க என்ன மிச்சம் இருக்கிறது? கேட்டால் பதில் தயாராக இருக்கும். "விழப்போறவனுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும். காமெடின்னா அவ்வளவுதான்டா." எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். ஒருமுறை படத்தையே நிறுத்தி, "ரகுவுக்குச் சிரிக்கத் தெரியல. அடுத்த வருஷமும் வந்து உட்காரட்டும்" என்று அத்தனை பேர் முன்னாலும் அறிவித்தான்.

என் அப்பா சென்னையில் இறந்து, போக முடியாமல் நான் இங்கே முடங்கிக் கிடந்தபோது, அந்த டிவிடியோடு வந்து நின்றான். "இதைப் போடு. கொஞ்ச நேரம் எவனாவது விழறதைப் பாரு" என்றான். முகத்தில் அடித்தாற்போல் கதவைச் சாத்தினேன். இன்றும் அதற்கு நான் வருந்தவில்லை. துக்க வீட்டுக்கு அப்படியா வருவார்கள்?

பதின்மூன்றாம் நாள் சாப்பாட்டுக்கு முன் பார்வதி என்னைத் தனியே அழைத்தாள். அவன் போனதிலிருந்து அவள் அழவேயில்லை. எல்லோருக்கும் அதுதான் கவலை.

"ரகு, படத்தைப் போடப்போறேன். நீங்கதான் பேசணும்."

"நானா? எனக்கு அந்தப் படமே பிடிக்காதே."

"சிரிச்சவங்க யாருக்கும் வசனம் தெரியல. நீங்க ஒருத்தர்தான் கடைசிவரைக்கும் கேட்டீங்க."

மறுக்க முடியவில்லை. திரைக்குப் பக்கத்தில் போய் நின்றேன். ஒரு வரி தவறாமல் எல்லாம் வந்து தொலைத்தது. ஏணி ஆடியது. கொஞ்சம் நிறுத்தினேன். "இப்ப பாரு!" பார்வதி வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழத் தொடங்கினாள்.

ஒருவர் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்துக்காரர். அன்றுதான் முதல்முறையாகப் பார்க்கிறார். எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"ஓம், பரவாயில்லை. ஆனா விழப்போறான் எண்டு நீங்கள் முதலே சொல்லிப்போடுறியள்."

சேதுவிடமிருந்து எனக்கு மிஞ்சியது என்ன என்று அப்போது தெரிந்தது. அந்த மனிதர்மேல் அடக்க முடியாத கோபம் வந்தது. படத்தை நிறுத்தினேன்.

"அண்ணை, உங்களுக்குச் சிரிக்கத் தெரியல. அடுத்த வருஷமும் வந்து உட்காருங்க."