அப்பா வெட்டிய மலை

தை மாதப் பனியில், பச்சைத் தேயிலைக்கு நடுவே கூறைச் சேலையோடு நான் நிற்க வேண்டும். கல்யாணப் படங்களுக்கு நான் போட்டிருந்த திட்டம் அதுதான். கொழும்பில் வேலை செய்துகொண்டே, நோர்வூட் பக்கம் எங்கள் லயத்து வீட்டு வரிசைக்கு மேலே இருக்கும் மலையைப் படக்காரரிடம் சொல்லி வைத்தேன். தோட்டத்தில் வேலை செய்யும் அப்பாவிடமும் போனில் அதையே பேசினேன். "சரிம்மா" என்பார், அவ்வளவுதான்.

லீவு கிடைக்காமல் முதல் நாள் இரவுதான் ஊர் வந்து சேர்ந்தேன். தாலி கட்டி முடிந்ததும் மாப்பிள்ளையோடு மேலே ஏறினேன். மலை முழுக்க ஒரு இலை இல்லை. கவ்வாத்து வெட்டி, செடிகளெல்லாம் முழங்கால் உயரக் குச்சிகளாக நின்றன.

"யாருப்பா வெட்டினது?" என்று கத்தினேன்.

பின்னால் வந்த அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "நாங்கதாம்மா வெட்டினோம். கல்யாணம் முடியட்டும்னு, வேல வாங்குற கண்டாக்கையாகிட்ட கேட்டுப் பார்த்தேன். முடியாதுன்னுட்டாங்க. ஒங்கிட்ட எப்புடிச் சொல்றதுன்னு தெரியல."

மகள் ஆசைப்பட்ட மலையைத் தன் கையாலேயே வெட்டியிருக்கிறார். எனக்கு அழுகைதான் வந்தது.

"வேற எடத்துக்குப் போக நேரமில்லைங்க. இங்கயே எடுத்துருவோம்" என்றார் படக்காரர். அதற்குள் பனி இறங்கிக் குச்சிகளை மூடியது. அப்பாவையும் பக்கத்தில் கூப்பிட்டேன். கவ்வாத்துக் கத்தி கிழித்த காயம் ஆறாத கைகளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றார்.

படத்தைப் பார்க்கிறவர்கள் பனி என்ன அழகு என்கிறார்கள். கையை முன்னால் வையுங்கப்பா என்று சொல்ல அன்றைக்கு எனக்கு வாய் வரவில்லை.