வாப்பா கொண்டுவந்த கவுன்

வாப்பா சவுதியிலிருந்து வந்து நாலைந்து நாள்வரை நான் அவர் பக்கமே போகவில்லை. அவர் இருக்கும் அறையைத் தாண்ட வேண்டியிருந்தால் உம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டுதான் தாண்டுவேன். அவர் புறப்பட்டுப் போனபோது எனக்கு மூன்று வயதுகூட நிறையவில்லையாம். திரும்பி வந்தபோது நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன். முகம் பார்த்துப் பேசும் செல்போனெல்லாம் வராத காலம். மேலப்பாளையத்தில் எங்கள் தெருவில் பாதி வீடுகளில் வாப்பாமார் வெறும் குரலாகத்தான் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை போன் வரும். "நல்லாருக்கியாம்மா?" என்று கேட்கும். "நல்லாருக்கேன்" என்று சொல்லிவிட்டு ஓடிவிடலாம். அந்தக் குரல் ஒருநாள் மீசையும் தொப்பையுமாக வந்து வீட்டுக்குள் உட்கார்ந்துகொள்ளும் என்று நான் நினைத்ததில்லை.

அவர் திரும்பிப் போகும் நாள் நெருங்கியபோது, எல்லாரும் சேர்ந்து ஜங்ஷனில் ஒரு ஸ்டூடியோவுக்குப் போய் போட்டோ எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அவர் பர்ஸில் வைத்திருந்த பழைய போட்டோ வியர்வையில் நைந்துபோயிருந்தது. அதை எடுத்து எங்களுக்குக் காட்டினார். உம்மாவின் மடியில் ஒரு குண்டுப் பிள்ளை இருந்தது. சுருட்டை முடி, உப்பிய கன்னம். எனக்கோ டைபாய்டு வந்து மொட்டையடித்து, அப்போதுதான் தலையில் முள் முள்ளாக முடி முளைத்துக்கொண்டிருந்தது. முன்பல் இரண்டும் இல்லை.

ஸ்டூடியோவுக்குப் போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் உம்மா கட்டிலில் துணிகளைப் பரப்பினாள். எல்லாரும் வாப்பா கொண்டுவந்ததைத்தான் உடுத்த வேண்டும் என்பது அவளுடைய கட்டளை. அவளுக்கு ஜார்ஜெட் சேலை. என் காக்காவுக்கு, அதாவது அண்ணனுக்கு, ஜீன்ஸ். எனக்கு ரோஸ் நிறத்தில் லேஸ் வைத்த கவுன். அதைவிட அழகான பொருள் எங்கள் வீட்டில் அதுவரை இருந்ததில்லை. கை நுழைந்தது. ஜிப் நடுமுதுகில் நின்றுகொண்டது.

"மூச்ச உள்ள இழு பிள்ள. இன்னுங் கொஞ்சம்."

கண் இருளும்வரை இழுத்தேன். ஜிப் அசையவில்லை. ஓடிப்போய், பெருநாளுக்குத் தைத்த பச்சைப் பாவாடையை எடுத்துவந்து நீட்டினேன். உம்மா கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அவ்வளவு தூரத்துலருந்து ஆசையா வாங்கிட்டு வந்திருக்காவ. பத்தலன்னு தெரிஞ்சா மனசு என்ன பாடுபடும்? வாயத் தொறக்கப்படாது, கேட்டியா?"

கவுன் பத்தாததை ஏன் இப்படி ஒளிக்க வேண்டும்? கொல்லையில் வைத்துக் காக்காவிடம் கேட்டேன். அவன் ரொம்ப யோசிக்கவில்லை.

"ஏட்டி, வாப்பா அந்த போட்டோவுல இருக்க பிள்ளைக்குல்லா கவுன் வாங்கியிருக்காவ. ஒனக்குப் பத்தலன்னா, நீ அந்தப் பிள்ளை இல்ல."

"அப்போ நான் யாரு?"

"எனக்கென்ன தெரியும்? காய்ச்சல்ல ஆஸ்பத்திரியில கெடந்தேல்லா, அங்கன மாத்திக் குடுத்திருப்பாவ."

அவன் சொன்னதில் ஓட்டையே இல்லை. ஆஸ்பத்திரிக்குள் போனது சுருட்டை முடிப் பிள்ளை, வெளியே வந்தது மொட்டைப் பிள்ளை. உம்மாவுக்கு இது தெரியும், அதனால்தான் கதவைச் சாத்துகிறாள். வாப்பாவுக்கு மட்டும் இன்னும் தெரியாது. தெரிந்தால் என்னை ஆஸ்பத்திரியிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார். அன்றைக்கு இடியாப்பத்தைத் தொடவில்லை. சாப்பிடாமல் இருந்தால் விடிவதற்குள் கொஞ்சம் சிறுத்துவிடலாம் என்று நம்பினேன்.

சிறுக்கவில்லை. மறுநாள் உம்மா திறந்திருந்த முதுகை ஊக்கு ஊக்காகக் குத்தி இழுத்துப் பிடித்து, மேலே ஒரு துப்பட்டாவைப் போர்த்திவிட்டாள். "வாப்பாவுக்கு முதுகக் காட்டாத" என்று காதில் சொன்னாள். ஆட்டோ ஆஸ்பத்திரிப் பக்கம் திரும்பாமல் ஆற்றுப்பாலத்தில் ஏறியபோதுதான் எனக்கு மூச்சு வந்தது. ஸ்டூடியோவுக்குள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு பக்கவாட்டில் நடந்தேன்.

வாப்பாவை நாற்காலியில் உட்காரவைத்து, உம்மாவையும் காக்காவையும் பின்னால் நிறுத்தி, என்னை வாப்பாவின் முழங்காலோரம் நிற்கச் சொன்னார் போட்டோக்காரர். பிறகு தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கவுனு தெரியலல்லா" என்று சொல்லிக்கொண்டே வந்து, உம்மா வாயெடுப்பதற்குள் துப்பட்டாவை உருவிவிட்டார். "பாய், பிள்ள முதுகுல கைய வையுங்க. பைய."

கை வந்தது. கனமாக, சூடாக இருந்தது. ஒரு ஊக்கில் பட்டு நின்றது. பிறகு அடுத்த ஊக்கு. அடுத்தது. விரல்கள் ஒவ்வொன்றாகத் தடவிக்கொண்டு இறங்குவதை மூச்சுவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தேன். போட்டோக்காரர் சிரிக்கச் சொன்னது எங்கோ தூரத்தில் கேட்டது.

"இவ்வளவு வளந்துட்டாளா?" என்றார் வாப்பா.

கண்டுபிடித்துவிட்டார். இனி மறைத்துப் பயனில்லை. திரும்பி, முதல்முறையாக அவர் முகத்தை அவ்வளவு பக்கத்தில் பார்த்தேன்.

"இனிமே வளர மாட்டேன் வாப்பா. சோறே திங்க மாட்டேன்."

வாப்பா எழுந்தார். மூலையில் இருந்த கண்ணாடிக்கு முன்னால் போய் நின்றார். கயிற்றில் தொங்கிய சீப்பை எடுத்து, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தலைவாரினார். ரொம்ப நேரம் வாரினார். வாருவதற்கு அவ்வளவு முடியும் அவருக்கு இல்லை.

"நல்லாத்தான் இருக்கு பாய், வாங்க" என்றார் போட்டோக்காரர். உம்மா காக்காவின் காலரைச் சரிசெய்வதுபோல் குனிந்துகொண்டாள். என் முகத்தைப் பார்க்க அங்கே யாருமே தயாராக இல்லை.

திரும்பி வந்தவர் என்னைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டார். முதுகு அவர் நெஞ்சோடு ஒட்டியது. ஊக்குகள் அவரைக் குத்தியிருக்கும். இரண்டு கைகளாலும் என்னைச் சுற்றிப் பிடித்திருந்தார். விளக்கு பளிச்சென்று அடித்து ஓய்ந்தது, போட்டோக்காரர் "முடிஞ்சிட்டு" என்றார். அப்போதும் வாப்பா கையை எடுக்கவில்லை. ஆஸ்பத்திரிக்காரர்கள் வரும்வரை நான் ஓடிவிடக்கூடாது என்றுதான் அப்படி இறுக்கிப் பிடித்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அசையாமல் உட்கார்ந்திருந்தேன்.