சுட்டுவிரலும் பழஞ்சேலைப் போர்வையும்

என் கை நாறத் தொடங்கியதை வீட்டில் முதலில் வாய்விட்டுச் சொன்னவள் என் தங்கச்சி பூமணி.

“அண்ணை, உங்கடை கை செத்த எலி மாதிரி மணக்குது.”

அம்மா அவள் தலையில் குட்டினாள். “சுகமில்லாத பிள்ளையிட்டை இப்பிடியே கதைக்கிறது? ஒரு மணமும் இல்லை, ராசா. அது மஞ்சள் மணம்.” சொல்லிக்கொண்டே சேலைத் தலைப்பை மூக்கருகே கொண்டுபோனாள்.

கையிலோ காலிலோ சீழ் வைத்து, கட்டை அவிழ்க்க அஞ்சிக் கிடப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். நோய் வருத்தத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் வலியைப் பற்றி நிறைய எழுதுகிறார்கள். அருவருப்பைப் பற்றி எழுதுவதில்லை. எனக்கு வலியைவிட அதுதான் பெரிதாக இருந்தது.

எங்கள் தீவூர் நாரந்தனையில், வீட்டு வளவுக்கு அந்த வருஷம் ஆவணியில் ஐயாவும் (என் தகப்பனார்) நானும் வேலி அடைத்தோம். தீவார் எல்லோருக்கும் தெரிந்த வேலைதான். பனையோலையை வரிசையாக நிறுத்தி, குத்தூசியால் நார் கோத்துத் தைத்துக்கொண்டு போவோம். குத்தூசி பனஞ்சிராயில் சீவிய முழநீள ஊசி. உள்ளே நிற்பவர் குத்துவார். வெளியே நிற்பவர் அதை வாங்கித் திருப்பிக் குத்துவார். ஓலை மறைப்பதால் ஆளை ஆள் காண ஏலாது. குரல்தான் கணக்கு.

“குத்துறன்,” என்றார் ஐயா உள்ளிருந்து.

“ஓம்,” என்று சொல்லி, ஊசி எங்கே வருகிறதென்று ஓலைக்குள் விரலை விட்டுத் தடவினேன். வலது கைச் சுட்டுவிரல். சுரீரென்று ஏறியது. கையை இழுத்தபோது, காய்ந்த ஓலையிலிருந்து ஒரு மட்டத்தேள் நூறு காலும் நெளிய இறங்கி ஓடியது.

ஐயா சுற்றி ஓடிவந்து மண்வெட்டியால் அதை நசித்தார். “கடிச்சுப்போட்டுது,” என்றார். பிறகு, ஒருவரும் கேட்காமலே, “என்ரை ஊசி படேல்லை,” என்றார்.

அந்த நிமிடத்திலிருந்து என் வருத்தத்துக்குப் பெயர் மட்டத்தேள் கடி. வேலியடைப்புக் காலத்தில் அது எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஆகையால் விரலுக்குள் என்ன இருக்கிறதென்று ஒருவரும் பார்க்கவில்லை. விஷக்கடிப் பரியாரியார் (நாட்டு வைத்தியர்) வந்தார். மணிக்கட்டில் கயிறு கட்டினார். பச்சிலையும் சுண்ணாம்பும் மஞ்சளும் அரைத்து விரலில் அப்பிச் சீலையால் சுற்றினார். உப்பும் மீனும் விலக்கு. மருந்து தானாகக் காய்ந்து உதிரும்வரை கட்டை அவிழ்க்கக் கூடாது. அவர் பிழையான மருந்து தரவில்லை. எனக்கு வராத வருத்தத்துக்குச் சரியான மருந்து தந்தார்.

மருந்து உதிரவில்லை. ஊறியது. கட்டின் ஓரத்தால் மஞ்சளும் பச்சையுமாக ஒன்று கசிந்து சோற்றுக் கோப்பையருகே சொட்டியது. இடது கையால் சாப்பிட்டேன். சனம் பார்க்க வந்து, வாசற்படியிலே நின்று சுகம் விசாரித்துவிட்டு, தரப்பட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் போனார்கள். நாற்றத்தை நானும் அறிந்தேன். அம்மா இல்லையென்று சொல்லும்போது, நாறுகிறதென்று சொல்ல வாய் வரவில்லை.

பூமணி சொன்ன பிறகுதான் கட்டை அவிழ்த்தேன். சீலை மடிப்பில் ஒரு வெள்ளைப் புழு தலையை நிமிர்த்தி என்னைப் பார்ப்பதுபோல நெளிந்தது. முற்றத்துக்கு ஓடிச் சத்தி எடுத்தேன். வாயைத் துடைக்க வலது கையைத் தூக்கினேன். அது மூக்கருகே வர, இரண்டாம் தரமும் எடுத்தேன்.

அன்றே ஐயா வண்டில் கட்டினார். துறையில் தோணி ஏறினோம். ஏறிய கொஞ்ச நேரத்தில் என்னைச் சுற்றி இடம் விட்டுப்போயிற்று. ஒரு கிழவர் தோணிக்காரனிடம், “கருவாடு ஏத்தினா முன்னமே சொல்ல வேண்டாமோ, தம்பி,” என்றார். சிலர் சிரித்தார்கள். நான் கையை வேட்டியால் மூடிக்கொண்டு கடலைப் பார்த்தேன்.

பட்டணத்து ஆசுப்பத்திரியில் தாடி நரைத்த ஒரு டாக்குத்தர் கையைப் பார்த்தார். முகத்தைச் சுளிக்காமல் பார்த்தார். அதற்காக அவரை இன்றைக்கும் நினைப்பேன். விரலின் தசைநாண் (எலும்பை இழுத்து மடக்கும் நார்) ஓடுகிற கூட்டுக்குள் சீழ் இறங்கியிருக்கிறது, இனி உள்ளங்கைக்கு வரும், அதன்பின் செப்சிஸ் (இரத்தத்தில் நஞ்சு பரவுதல்) என்றார்.

“என்ன செய்யிறீர், தம்பி?”

“படிச்சு முடிச்சிட்டன், ஐயா. தையிலை எங்கடை ஊர்ப் பள்ளிக்கூடத்திலை உதவி வாத்தியார் வேலை தாறன் எண்டு மனேச்சர் சொன்னவர்.”

“அப்ப எழுதுற கை. விரலைக் கழட்டினா கெதியாச் சுகம். வைச்சிருந்தா உயிருக்கு நான் பாடுபடுவன். ஆனா மடங்குமோ எண்டு சொல்ல ஏலாது.”

நான் வாய் திறக்குமுன் ஐயா சொன்னார். “கழட்ட வேண்டாம், டாக்குத்தர் ஐயா. எங்கடை சந்ததியிலை எழுதுற விரல் இது ஒண்டுதான்.”

ஐயாவுக்குக் கையெழுத்து இல்லை. பெருவிரல் அடையாளம்தான்.

குளோரபோம் (மயக்க மருந்து) தந்து விரலின் இரு பக்கமும் கீறினார்கள். கண் விழித்தபோது தாதி ஒரு தட்டைக் காட்டினாள். சீழுக்குள் கறுப்பாக, சீவிய முனையோடு ஒரு சிராய்த்துண்டு கிடந்தது. ஐயா குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

“ஓலைக் கருக்காக்கும்,” என்றார்.

தாதி தட்டை மூடிக் கொண்டுபோனாள்.

ஆசுப்பத்திரி வாட்டில் கிடந்த காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. காலையில் உப்புத் தண்ணீரில் கையை ஊற வைப்பார்கள். காயத்துக்குள் சல்லாத் துணித் திரியை விட்டு இழுப்பார்கள். பிறகு அயடோபோம் (சீழ்க்காயத்துக்குப் போடும் மஞ்சள் தூள்) தூவுவார்கள். அந்தத் தூளின் மணம் சோற்றிலும் தண்ணீரிலும் தலையணையிலும் ஏறிவிடும். சீழின் மணம் குறையக் குறைய இது கூடிற்று. உடம்பு என்பது நாறும் ஒரு பொருள், அதைக் கழுவிக் கழுவி மறைத்துக்கொண்டு திரிகிறோம் என்ற எண்ணம் அங்கேதான் பிடித்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் தேவாரம் பாடினால், அவருடைய வாய்க்குள் பல்லும் சளியும் இருப்பதுதான் நினைவுக்கு வரும்.

காயம் ஆறியது. விரல் விறகுபோல நின்றது.

“வீட்டிலை ஆரும் தையல் தைக்கினமோ?” என்று டாக்குத்தர் கேட்டார்.

“தங்கச்சி தைப்பாள்.”

“அவவோடை இருந்து தையும். முதல் சாக்கு, பிறகு சீலை. ஊசியைக் கிள்ளிப் பிடிச்சு இழுக்க இழுக்கத்தான் நாண் ஒட்டாமல் விடும்.”

“ஐயா, நான் ஆம்பிளை.”

“நாளாந்தம் காயம் தைக்கிற நானும் ஆம்பிளைதான்.”

வீட்டில் பூமணிக்கு இதைவிடப் பெரிய விசேஷம் இல்லை. “அண்ணை தைக்கப் போறார். அப்ப நான் வண்டில் ஓட்டப் போறன்,” என்றாள். ஆனால் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் தொடங்கி, சலித்துப்போய்ப் பெட்டிக்கடியில் போட்டிருந்த ஒட்டுப் போர்வையை அவளே எடுத்துவந்து என் முன் எறிந்தாள். அம்மாவின் பழஞ்சேலைகள், ஐயாவின் கிழிந்த சால்வை, என் சிறுவயதுச் சட்டைகள், எல்லாம் சதுரம் சதுரமாய். பாதிகூட ஆகவில்லை.

முதலில் ஒடியல் (காய்ந்த பனங்கிழங்கு) சாக்குகளின் வாயைக் கோணியூசியால் தைத்தேன். ஊசியைப் பிடித்தால் விரல் நழுவும். நழுவினால் காயத்தின் தழும்பில் சாக்கு உராயும். தழும்புத் தோல் பளபளவென்று இளஞ்சிவப்பாக, பிறந்த எலிக்குஞ்சின் தோல்போல இருக்கும். அதைப் பார்க்காமல் தைக்கப் பழகினேன். அதனால் ஐயாவின் வேட்டியையும் சாக்கோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். அவர் எழும்பியபோது சாக்கும் எழும்பிற்று.

பிறகு போர்வை. பூமணி ஒரு முனையிலும் நான் மறுமுனையிலுமாக இருந்தோம். அவளுடைய தையலும் நேராகப் போகவில்லை. என்னுடையது நண்டு நடந்ததுபோலப் போனது.

“மெய்யே அண்ணை, இது என்ன எழுத்து?”

“வாயை மூடிக்கொண்டு தை.”

சதுரம் சதுரமாக ஏறியது. ஒரு வரிசை முடியும்போது விரல் ஒரு நெல்லளவு மடங்கும். மறுநாள் காலையில் அதிலே பாதியைத் திருப்பி எடுத்துவிடும்.

ஒருநாள் ஊசி தழும்பிலே ஏறியது. உள்ளே இன்னும் ஒரு துளி சீழ் இருந்திருக்கிறது. அது நீலச் சதுரத்தின் மேல் விழுந்து பரவியது. அம்மா போர்வையைச் சுருட்டிக்கொண்டு அடுப்படிக்கு நடந்தாள்.

“எரிக்கப் போறன். இந்த நாற்றம் எங்களுக்கு இனி வேண்டாம்.”

அம்மா அந்தச் சொல்லை முதல் தரம் சொன்னாள். நான் தடுக்கவில்லை, எரிந்தால் நல்லதென்றே நினைத்தேன். பூமணிதான் பறித்தாள். “இவ்வளவும் என்ரை முதுகு நோவு,” என்று சொல்லி, நீலச் சதுரத்தை மட்டும் கத்தரித்து அடுப்பில் போட்டு, போர்வையை உவர்மண்ணில் அவித்துத் தோய்த்தாள். காய்ந்ததும் என் மடியில் போட்டாள். “ஓட்டையை நீங்கள்தான் அடைக்க வேணும்.”

அடைத்தேன். மார்கழி நடுவில் போர்வை முடிந்தது. அதன்பின் சட்டைக்குத் தெறி (பொத்தான்) தைத்தேன். அந்தச் சின்ன ஊசி நழுவாமல் நின்ற அன்று, சிலேட்டுப் பென்சிலைப் பிடித்து என் பெயரை எழுதிப் பார்த்தேன். அது என் எழுத்தல்ல. சரிந்து, அகன்று கிடந்தது. ஆனால் வாசிக்கலாம்.

பள்ளிக்கூடத்துக்குப் போனபோது மனேச்சர் கரும்பலகையில் ஒரு பந்தி எழுதச் சொன்னார். சுட்டுவிரலின் நுனி மடங்காமல் ஒதுங்கி நிற்க, மற்ற விரல்களால் சுண்ணக்கட்டியை நெரித்துப் பிடித்து எழுதினேன். பலகையைப் பார்த்தார். கையைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார். “வாரும் தையிலை,” என்றார்.

நாற்றம் அடித்தால் சொல்லுங்கள். உங்களைப் பார்த்து இல்லையென்று சொல்கிற அன்பை நம்பாதீர்கள். அறிந்தது இவ்வளவுதான். இதை அறிந்ததால் அருவருப்புப் போய்விடவில்லை. அம்மா அந்தப் போர்வையைப் போர்த்துத்தான் படுக்கிறாள். என்னால் ஏலவில்லை. என் உடம்பை இப்போது, கழுவாமல் வைத்த பாத்திரத்தைப் பார்ப்பதுபோலப் பார்க்கிறேன்.

காலமும் முன்போல இல்லை. நான் எழும்பி வெகு நேரம் போன பிறகே என் விரல் தூக்கம் விட்டு எழும்புகிறது. வாடைக்காற்று அடிக்கும் காலைகளில் அது இன்னும் பிந்தும். வகுப்புக்குப் போய், கையைக் கக்கத்துக்குள் வைத்துக்கொண்டு கரும்பலகையின் முன் நிற்பேன். பிள்ளைகள் சிலேட்டைத் துடைத்து வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

“வாத்தியார், விரல் எழும்பீட்டுதோ?” என்று முன்வாங்கில் இருக்கிற ஒருத்தி கேட்பாள்.

“இன்னும் இல்லை,” என்பேன். எல்லோரும் காத்திருப்போம்.