ரேடியோவின் ஏழாம் விதி

என் அண்ணன் பேச ஆரம்பித்தால் காது புளித்துப்போகும். பள்ளிக்கூடத்திலேயே ‘ரேடியோ’ என்று பெயர் வாங்கியவர். சாமியாரான பிறகு கேட்கவா வேண்டும்? பிரசங்கம் முடிவதற்குள் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிடலாம். அப்பேர்ப்பட்டவர் ஐம்பத்தாறு வயதில் என்னிடம் வந்து, “தங்கச்சி, மௌன சபை ஒண்ணு ஆரம்பிக்கப்போறேன்” என்றார். குடித்துக்கொண்டிருந்த தண்ணீர் எனக்கு மூக்கில் ஏறிவிட்டது.

“யார் மௌனமா இருக்க?”

“நான்தான். இத்தனை வருஷம் நானே பேசிட்டிருந்தேன். கடவுள் சொல்றதைக் கேக்க நேரமே இல்ல.”

விளையாட்டில்லை. ஐந்து பேரைச் சேர்த்தார், ஊருக்கு வெளியே ஒரு பழைய கிடங்கை மடமாக்கினார். மறைமாவட்ட ஆயர் மட்டும் நம்பவில்லை. நேரில் வருவேன், பிடித்தால் கையெழுத்து, பிடிக்காவிட்டால் மடத்துக்குப் பூட்டு என்றார். கையெழுத்து விழாவிட்டால் அண்ணன் உடைந்துபோவார். விழுந்தால் அவர் குரலை நான் இனி கேட்க முடியாது. எனக்கென்று இருப்பது அவர் ஒருவர்தான். எதற்காக வேண்டிக்கொள்வது என்று தெரியாமலே சபையின் விதிகளை டைப் அடித்துக் கொடுத்தேன்.

நான் பத்திர ஆபீஸில் டைப்பிஸ்ட். கிழக்கு வாயில், தெற்கு வாயில் என்று இருபது வருடமாக அடித்துத் தள்ளிய விரல்கள் இவை.

ஆயர் வரும் நாள் காலையில் விதிகளை ஆளுக்கொரு பிரதி கொடுத்துவிட்டு, அண்ணனும் நானும் போய் அவரை அழைத்துவந்தோம். கேட் உள்பக்கம் பூட்டியிருந்தது. மணி அடித்தோம். செருப்புச் சத்தம் கிட்டே வந்து நின்றது.

“பிரதர், நான்தான். ஆயர் வந்திருக்காரு, திறங்க” என்றார் அண்ணன்.

கேட்டுக்கு அடியில் ஒரு தாள் நழுவி வந்தது. நான் அடித்த தாள்தான். ஏழாம் விதிக்குக் கீழே பென்சில் கோடு.

‘யார் வந்தாலும், ஆயரே வந்தாலும், வாயில் திறக்கக் கூடாது.’

“வாய் திறக்கக் கூடாதுன்னுல்ல எழுதிக் குடுத்தேன்” என்று அண்ணன் என்னைப் பார்த்தார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஆயர் தாளை வாங்கிப் படித்தார். தோள் குலுங்கியது. கேட்டைப் பிடித்துக்கொண்டு, தொப்பி கழன்று விழும்வரை சிரித்தார்.

“விதி எழுதினவரையே வெளியில நிறுத்திட்டாங்களே, ஃபாதர். இதுக்கு மேல உள்ள போய் என்னத்தப் பாக்கணும்?”

கார் பானெட்டில் வைத்தே கையெழுத்துப் போட்டார். கீழே, ‘ஓர் எழுத்தும் மாறாமல் கடைப்பிடிக்கவும்’ என்றும் எழுதினார். அண்ணன் டிரைவரின் தோளில் ஏறி மதிலைத் தாண்டினார். அங்கி கம்பியில் மாட்டி டர்ரென்று கிழிந்தது. அந்தப் பக்கம் தொப்பென்று விழுந்த சத்தத்துக்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. அவ்வளவுதான், மௌனத்துக்குள் போய்விட்டார் என்று வீடு வரை அழுதுகொண்டே வந்தேன்.

மறு ஞாயிறு மனசு கேட்காமல் போய், பூட்டிய கேட்டின் முன்னால் சும்மா நின்றேன். உள்ளேயிருந்து ஒரு செருமல்.

“தங்கச்சி, வந்துட்டியா? விதியை நல்லாப் படிச்சுப் பாத்தேன். கேட்டைத்தான் திறக்கக் கூடாது. வாயைப் பத்தி ஒண்ணுமே இல்ல. ஒரு எழுத்தும் மாறக் கூடாதுன்னு ஆயரே சொல்லிட்டாரு. வாரமெல்லாம் மூச்சு விடமாட்டேன். ஞாயித்துக்கிழமை மட்டும் உனக்கு.”

ஒன்றரை மணி நேரம் பேசினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு நானும் ஏதோ சொல்ல வந்தேன். ஒரு வார்த்தை பேச விடவில்லை.