சர்வேயரின் முதுகு

வெள்ளைச் சட்டையின் முதுகில், இடது தோளுக்குக் கீழே, ஒரு சாண் நீளத்துக்குச் சிவப்பு நூலில் போட்ட தையல். சர்வேயரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அதுதான். முகம் பிறகுதான் வரும். சில நாள் வராமலே போய்விடும். ஒரு மனிதரை ஞாயிறு தவறாமல் சில வருடங்கள் பின்னாலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தால் அப்படித்தான் ஆகும். அவர் மூச்சிழுக்கும்போது அந்தத் தையல் விரியும், விடும்போது சுருங்கும். வேகத்தைக் கூட்டப் போகிறார் என்றால் அதற்குச் சற்று முன்பே இடப்பக்கமாக இழுபடும். இது எனக்கு மட்டும் தெரிந்த சங்கதி. அதைக் கவனிக்கிற தூரத்துக்கு வேறு எவரும் வந்ததில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதையும், அந்தப் பெருமை எனக்கே பிடிக்கவில்லை என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

நான் செங்கல்பட்டில் வரலாறு கற்பிக்கும் ஆசிரியன். எந்த நிகழ்ச்சியையும் மாதமும் கிழமையும் சொல்லாமல் சொல்ல எனக்கு வராது. ஞாயிறு விடியலில் மாமல்லபுரத்தில் கூடி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே புதுப்பட்டினம், பாலாற்றுப் பாலம் எல்லாம் கடந்து கடப்பாக்கம் வரை சைக்கிளில் போய்த் திரும்புகிற கூட்டம் எங்களுடையது. யார் முதலில் வந்தார், யார் அடுத்து என்பதை அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் எழுதிப் போடுவது என் பொறுப்பு. சர்வேயர் வருவதற்கு முன்பெல்லாம் முதல் வரியில் என் பெயரையே எழுதிக்கொண்டிருந்தேன். என் கையாலேயே அதை இரண்டாம் வரிக்கு இறக்க வேண்டி வந்தது.

அவர் தாலுகா அலுவலகத்தில் நில அளவர். திருக்கழுக்குன்றத்துக்கு உள்ளே தள்ளி ஒரு கிராமம். நெல் பயிரிடும் குடும்பம். ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு ஞாயிறன்று, யாரோ விற்றுவிட்டுப் போன பழைய சைக்கிளில், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, கெண்டைக்கால் மயிரை மழித்து எண்ணெய் தடவிக்கொண்டு வந்து நின்றார். அடக்கமான மனிதர் இல்லை. எவரைத் தாண்டினாலும் விசிலடித்துவிட்டுத்தான் தாண்டுவார். நான் பயிற்சி முறைகளைப் பற்றிப் புத்தகம் புத்தகமாகப் படித்தவன். சோற்றைக்கூட எடை போட்டுச் சாப்பிட்டவன். சம்பளத்தில் மிச்சம் பிடித்து, ஒரு விரலால் தூக்கிவிடக்கூடிய சைக்கிளைச் சென்னையிலிருந்து வாங்கி வந்திருந்தேன். அவரோ புதுப்பட்டினத்தில் இட்லியும் வடகறியும் ஒரு கட்டுக் கட்டிவிட்டு, ஏப்பம் விட்டபடியே சைக்கிளில் ஏறுவார். அடுத்த பொங்கலுக்குள் எங்களில் எவராலும் அவரை எட்ட முடியாமல் போயிற்று. ஒட்டிக்கொண்டு வர முடிந்தவன் நான் ஒருவன்தான்.

ஒட்டிக்கொண்டு வருவது என்பதை விளக்கிவிடுகிறேன். முன்னால் போகிறவர் காற்றைக் கிழித்துக்கொண்டு போவார். அவருடைய பின் சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளி வருகிறவருக்கு அந்தக் காற்று படாது. பாதிப் பாடு குறையும். உலகப் பந்தயங்களிலும் இதுதான் வழக்கம், யாரும் இதைக் குற்றம் சொல்வதில்லை. சர்வேயரும் குற்றம் சொல்லவில்லை. மார்கழி, தை மாதங்களில் கடப்பாக்கத்திலிருந்து வடக்கே திரும்பும்போது வாடைக் காற்று நேராக முகத்தில் அடிக்கும். பாலாற்றுப் பாலத்தில் அது சைக்கிளையே நிறுத்திவிடும். அங்கே வந்ததும், திரும்பிக்கூடப் பார்க்காமல், எல்லாருக்கும் கேட்கிற மாதிரி ஒரு குரல் கொடுப்பார்.

“இன்னா சார், பின்னாடி ஏசி நல்லா கீதா?”

வாடையோடு அந்தக் குரல் பின்னால் தள்ளி வருகிறவர்களுக்கும் எட்டும்; சிரிப்பார்கள். பதில் சொல்ல எனக்கு மூச்சு இருக்காது. மாமல்லபுரம் நெருங்கும்போது தையல் இடப்பக்கம் இழுபடும். அவ்வளவுதான்; அதன் பிறகு நான் பார்ப்பது வெறும் சாலையை.

அந்தத் தையல் வந்த கதைதான் சந்தேகம் வந்த கதையும். கார்த்திகை தீபத்துக்கு அடுத்த ஞாயிறு. திரும்பி வரும்போது புதுப்பட்டினத்தில் மீன் வண்டியிலிருந்து வழிந்த தண்ணீர் சாலையில் பரவிக் கிடந்தது. முன்னால் போன சர்வேயர் சறுக்கி விழுந்து தாரில் தேய்ந்துகொண்டே போனார். நான் விலகி ஓட்டிப் போய்விட்டேன். விழுந்தவருக்காக யாரும் நிற்பதில்லை என்பது எங்கள் வழக்கம். பின்னால் வருகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நெடுநாளைக்குப் பிறகு என் முன்னால் சாலை காலியாகக் கிடந்தது. காற்று முழுக்க என் நெஞ்சில். நான் ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன். மாமல்லபுரம் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் விசில் சத்தம் கேட்டது. கிழிந்த சட்டையும் ரத்தம் ஒழுகும் முதுகுமாக என்னைத் தாண்டிப் போனார். அடுத்த வாரம் அந்தச் சட்டையையே தைத்துப் போட்டுக்கொண்டு வந்தார். வீட்டில் அந்த நூல்தான் இருந்ததாம், மனைவி தைத்துக் கொடுத்தாராம். காயம்பட்ட மனிதனுக்கு அப்படியொரு வேகம் எங்கிருந்து வந்தது என்ற கேள்வியை நான் வீட்டுக்கு எடுத்துப் போனேன். அது என்னோடு தூங்கி என்னோடு எழுந்தது.

புதுப்பட்டினத்தில் சைக்கிள் கடை வைத்திருக்கிறவரும் எங்கள் கூட்டத்தில் ஒருவர். ஆடி மாதத்தில், ஐரோப்பாவில் மூன்று வாரம் நடக்கும் பெரிய பந்தயத்தை அவர் கடைத் தொலைக்காட்சியில் மாலை வேளைகளில் கூடிப் பார்ப்போம். அந்த வருடம் ஓர் இளைஞர் மலைகளில் மற்றவர்களை நிற்க வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். மனிதனால் இது முடியுமா என்று கடைக்காரர் கேட்டார். நான் படித்ததையெல்லாம் சொன்னேன். ரத்தத்தில் சிவப்பணுக்களைப் பெருக்கும் ஊசிகள்; சொந்த ரத்தத்தையே எடுத்துப் பதப்படுத்திப் பந்தயத்துக்கு முன்பு திரும்ப ஏற்றிக்கொள்வது; சோதனையில் அகப்படாதவர்கள் பின்னாளில் தாங்களாகவே ஒப்புக்கொண்டது. இந்த இளைஞர்மேல் ஆதாரம் எதுவும் இல்லை, ஆனால் முன்பு ஏமாந்தவர்கள் இனி வேகமாகப் போகிற எவரையும் நம்ப மாட்டார்கள் என்றேன். வெற்றியாளர் பட்டியலில் சில ஆண்டுகளுக்கு நேரே பெயரே இல்லாததையும் சொன்னேன். வென்றவரின் பட்டத்தைப் பறித்தார்கள். ஆனால் இரண்டாவதாக வந்தவர்களுக்கு அதைக் கொடுக்கவில்லை. அந்த அநியாயத்தைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது.

“அப்போ நம்ம ஆளு?” என்றார் கடைக்காரர். சர்வேயர் அன்று வந்திருக்கவில்லை. செங்கல்பட்டில் அவர் போகிற உடற்பயிற்சிக் கூடத்தில் ஊசி கிடைப்பதாகக் கடைக்காரர் எங்கோ கேள்விப்பட்டிருந்தார். நான் ஆம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. தெரியாத ஒன்றை இல்லை என்று மறுப்பது வரலாறு படித்தவன் வேலையல்ல. அந்த வாரத்துக்குள் கூட்டம் முழுக்கப் பேச்சு பரவிவிட்டது. சர்வேயர் காதுக்கும் போயிற்று. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். மனிதர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தார். கடைக்கு வருகிறவர்களெல்லாம் “அவருதான் அந்த ஊசிக்காரரா” என்று அவரையே பார்த்தார்கள். எனக்கு ஒன்று உறைத்தது: அத்தனை வருடம் நான் முதலாவதாக வந்தபோது என்னைப் பற்றி ஒருவருக்கும் அப்படித் தோன்றியதில்லை.

மாசி மகத்தை ஒட்டி, மாமல்லபுரத்தில் விடுதி நடத்தும் சிலர் சேர்ந்து ஒரு பந்தயம் வைத்தார்கள். அதே சாலை, அதே கடப்பாக்கம். ஆனால் பெரிய வெள்ளிக் கோப்பை. பேச்சு அவர்களிடமும் போயிருக்க வேண்டும். முதலில் வருகிறவரின் சிறுநீரைச் சோதனைக்கு அனுப்புவோம், முடிவு வந்த பிறகே கோப்பையில் பெயர் பொறிப்போம் என்று அறிவித்தார்கள். அன்றிலிருந்து பந்தய நாள் வரை நான் ஓட்டியதெல்லாம் ஒரு கணக்கோடுதான். அவரை முந்தினால் கோப்பை எனக்கு. முந்தாவிட்டாலும், சோதனையில் அவர் அகப்பட்டால் எனக்கு. என் பெயர் அந்த வெள்ளியில் எப்படி இருக்கும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன், தலைப்பெழுத்துடன்.

பாலாற்றுப் பாலத்தில் என்னை உதற அவர் முயன்றார், முடியவில்லை. என் வாழ்நாளில் நான் அவ்வளவு நன்றாக ஓட்டியதில்லை. அந்தச் சாலையில் என்னுடைய மிகச் சிறந்த நேரம் இன்றுவரை அன்றைய நேரம்தான். ஆனால் கடைசியில் சிவப்புத் தையல் இழுபட்டது, எனக்குத் தெரிந்தும் தொடர முடியவில்லை. விசில் சத்தத்தோடு அவர் போய்விட்டார்.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. மருத்துவர் ஒரு சிறு குப்பியோடு விடுதி வாசலில் காத்திருந்தார். சர்வேயருக்கு உடம்பில் தண்ணீரே மிச்சமில்லை, சிறுநீர் வரவில்லை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, இளநீர் வெட்டிக் கொடுத்து, ஊரே சுற்றி நின்று அவருக்கு எப்போது வரும் என்று காத்திருந்தது. அவர் மனைவி முந்தானையால் விசிறினார். கடைக்காரர் பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்டாலாவது வருகிறதா பார்ப்போம் என்றார். எனக்கோ அடக்க முடியாத அவசரம். ஒருவேளை இரண்டாவதாக வந்தவனையும் கேட்பார்களோ என்று போகாமல் நின்றுகொண்டிருந்தேன். என்னை யாரும் கேட்கவில்லை. நான் காலை மாற்றி மாற்றி நின்றதைக் கவனித்தவர் சர்வேயர் ஒருவர்தான்.

“டாக்டரே, சார் ரொம்ப நேரமா தவிச்சுகினு நிக்கிறாரு. அவருத புடிச்சுக்கினு போங்க. ரெண்டும் ஒண்ணுதான், என் காத்துல வந்தவருதான?”

வாசலே சிரித்தது. மருத்துவரும் சிரித்தார். நான் விடுதிக்குப் பின்புறம் போய் ஒரு சவுக்கு மரத்தடியில் என் வேலையை முடித்துக்கொண்டேன்.

முடிவு வரவே இல்லை. விடுதிக்காரர்களுக்குள் சண்டை வந்து பிரிந்தார்கள். குப்பியை எந்த ஊருக்கு அனுப்பினார்கள், அனுப்பினார்களா என்பதே இன்று எவருக்கும் தெரியாது. கோப்பை இன்னும் ஒரு விடுதியின் வரவேற்பறையில், கண்ணாடிப் பெட்டிக்குள், பெயர் பொறிக்காமல் இருக்கிறது. அடுத்த ஆனியில் சர்வேயர் தருமபுரிப் பக்கம் மாற்றலாகிப் போனார்.

முதல் வரிக்கு என் பெயர் திரும்பியது. நேரம் திரும்பவில்லை. என்ன செய்தும் அந்த மாசி ஞாயிற்றின் நேரத்துக்கு அருகில்கூட என்னால் வர முடியவில்லை. வயதாகிறது என்று சொல்லிப் பார்த்தேன். ஆனால் பாலத்தில் தனியாக வாடையோடு மல்லுக்கட்டிய ஒரு ஞாயிறு, அவர் விடுதி வாசலில் சொன்ன நையாண்டி எனக்குள் திரும்பி வந்தது. என் சிறந்த நேரங்கள் எல்லாமே அவர் முதுகுக்குப் பின்னால் ஓட்டியவை. அவர் ஊசி போட்டுக்கொண்டு காற்றைக் கிழித்திருந்தால், அந்த ஊசியின் பலன் என் கடிகாரத்திலும் ஏறியிருக்கிறது. போட்டுக்கொள்ளவில்லை என்றால் அவர் என்னைவிட நன்றாக ஓட்டுகிறவர், அவ்வளவுதான். முதலாவது உண்மையானால் என்னிடம் இருந்த ஒரே நல்ல நாள் போய்விடும். இரண்டாவது உண்மையானால் அவரிடம் எல்லாமே இருந்துவிடும். பட்டியலில் இரண்டாவதாக வந்தவர்களின் பெயரை ஏன் எழுதவில்லை என்று கடையில் குரல் உயர்த்திப் பேசியவன் நான்.

இந்தத் தை மாதத்தில் ஒரு கல்யாணத்துக்காகத் திருக்கழுக்குன்றம் வந்த சர்வேயர், ஞாயிறன்று எங்களோடு ஓட்ட வந்தார். அதே வெள்ளைச் சட்டை, வயிற்றுப் பக்கம் கொஞ்சம் இறுக்கமாக. போகும்போது கூட்டத்தின் நடுவில் கதை பேசிக்கொண்டே வந்தார். கடப்பாக்கத்து டீக்கடையில் நாங்கள் இருவரும் மட்டும் ஒதுங்கி நின்றபோது, இனி யாருக்கும் நஷ்டமில்லை, போட்டீரா இல்லையா, சொல்லிவிடும் என்று கேட்டேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எனக்கு அவர் முகம் பழக்கமில்லாத முகமாக இருந்தது.

“உங்களுக்கு எது வோணும் சார்? போட்டேன்னு சொல்லட்டா, போடலன்னு சொல்லட்டா? எது நல்லா இருக்கும்னு நீங்களே சொல்லுங்க, அதையே சொல்லிடறேன்.”

எதைச் சொல்லச் சொல்லிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை.

“பேஜாராதான் கீது இல்ல?” என்று சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார்.

திரும்பும்போது முன்னால் போனவன் நான். வாடை என் நெஞ்சில் அடித்தது. எனக்குப் பின்னால், ஒரு முழம் தள்ளி, அவருடைய சக்கரத்தின் மெல்லிய சீறல். பாலத்தில் எதிர்பார்த்தேன், வந்தது. “ஏசி நல்லா கீது சார்.” மாமல்லபுரம் தெரிகிற இடம் வந்ததும் என் தோள்களெல்லாம் காதாயின. விசில் வரும், தாண்டிப் போவார் என்று காத்துக்கொண்டே மிதித்தேன். வரவில்லை. நான் முதலில் வந்தேன், அவர் என் பின் சக்கரத்தோடு வந்து நின்றார். காற்றுப் படாமல் வந்தவருக்கு மூச்சு வாங்கவில்லை. முடியாமல் வரவில்லையா, வேண்டாமென்று வரவில்லையா என்று சொல்ல அதில் எதுவும் இல்லை. இரண்டாம் இடம் ஒன்றுதான் எனக்கென்று இருந்தது. அதையும் அவர் எடுத்துக்கொண்டார்.

அன்று ஓட்டாமல் முன்னாலேயே வந்து நின்றிருந்த கடைக்காரர் நேராக அவரிடம் போய், “இன்னா சர்வேயரே, ஊசி தீந்துடுச்சா?” என்று தோளில் தட்டினார். பின்னால் வந்து சேர்ந்தவர்களும் அவரையே சுற்றிக்கொண்டார்கள். நான் முதலில் வந்ததைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எதைச் சாப்பிட்டுவிட்டு இப்படி ஓட்டுகிறேன் என்றுகூட ஒருவரும் கேட்கவில்லை.

சைக்கிளைத் தான் வந்த காரின் மேல் ஏற்றிக் கட்ட அவர் கையை உயர்த்தினார். சட்டை இழுபட்டது. அத்தனை வருடத்து வெயிலிலும் உப்புக் காற்றிலும் சட்டை பழுப்பேறிவிட்டிருந்தது. தையல் மட்டும் அதே சிவப்பு. ஓரிடத்திலும் நூல் விட்டிருக்கவில்லை.