கணவர் கொண்டுவந்த மனு

தேர்தல் வேலைக்கு ஆள் போடும் பிரிவில் நான் எழுத்தர். ஆசிரியர்களையும் அரசு ஊழியர்களையும் கம்ப்யூட்டர் குலுக்கிப் போட்டு வாக்குச்சாவடிகளுக்குப் பிரிக்கும். வர முடியாதவர்கள் கொடுக்கும் விலக்கு மனுக்களை வாங்கிப் பார்ப்பது என் வேலை. தேர்தல் அறிவித்த மறுநாளே திருச்சியில் பாதிப் பேருக்கு முதுகுவலி வந்துவிடும்.

அன்று காலை எங்களுக்குப் பாலினச் சமத்துவம் பற்றி ஒரு வகுப்பு நடந்தது. கேட்ட கேள்விக்கெல்லாம் முந்திரிக்கொட்டை மாதிரி நான்தான் பதில் சொன்னேன். பெண் ஊழியரின் முடிவை யார் எடுக்க வேண்டும்? அவரேதான். கைதட்டல்கூடக் கிடைத்தது. வடையைத் தின்றுவிட்டு மிதப்போடு இருக்கைக்குத் திரும்பினேன்.

அங்கே ஓர் ஆசிரியை காத்திருந்தார். முசிறியிலிருந்து பஸ் பிடித்து வந்திருந்தார்.

“சார், எனக்கு விலக்கு கொடுத்திருக்கீங்களாம். நான் கேக்கவே இல்லைங்களே?”

மனுவைத் தேடி எடுத்துக் காட்டினேன். “உங்க வீட்டுக்காரர்தான் கொண்டாந்து கொடுத்தாருங்க. கையெழுத்து இருக்கு பாருங்க.”

“இது என் கையெழுத்தே இல்லைங்க. இந்தத் தடவைதான் மொத மொதல்ல வாக்குச்சாவடித் தலைமை அலுவலரா போட்டிருந்தாங்க. கையேட்டை ரெண்டு தடவை படிச்சுட்டேன். வெளியில தங்க வேண்டி வரும்னு அவருக்குப் பிடிக்கல. அது எங்க வீட்டுச் சண்டை, நான் பாத்துக்கறேன். நீங்க ஏன் சார் எனக்கு ஒரு போன் பண்ணிக் கேக்கல?”

அவருடைய எண் பட்டியலிலேயே இருந்தது. மனைவியிடம் கொடுத்து அனுப்பிய ஆண்களின் மனுக்களை நான் திருப்பி அனுப்பியிருக்கிறேன், நேரில் வரச் சொல்லி. பெண்களின் மனு என்றால் மட்டும், கணவர்தானே என்று வாங்கி வைத்துவிடுவேன். காலையில் வாங்கிய கைதட்டலை நினைக்க வெட்கமாக இருந்தது.

அதற்குள் அவர் இடத்தில் வேறொருவரைப் போட்டுவிட்டார்கள். அதிகாரியிடம் போய் நின்று, வாங்க வேண்டிய திட்டையெல்லாம் வாங்கி, விலக்கை ரத்து செய்ய வைத்தேன். ரிசர்வ் பட்டியலில்தான் இடம் கிடைத்தது.

“யாராச்சும் வரலைன்னா நான்தானே?” என்று கேட்டார் ஆசிரியை.

“நீங்கதாங்க.”

ஆணையை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார்.

மாலையில் ஸ்ரீரங்கத்து வீட்டில், பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த மனைவியிடம் இதைச் சொன்னேன். அவளும் அரசுப் பள்ளி ஆசிரியைதான். என் தவறைக் கொஞ்சம் சுருக்கி, அதிகாரியிடம் வாதாடியதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொன்னேன்.

அவள் கை நிற்கவில்லை. “எங்க ஸ்கூல்ல எல்லாருக்கும் ஆர்டர் வருது. எனக்கு மட்டும் மூணு எலெக்‌ஷனா வரல. குலுக்கல்ல பேர் விழலைன்னு சொன்னீங்க.”

மூன்று முறையும் குலுக்கலுக்கு முன்பே அவள் பெயரில் மனு எழுதி, அவள் கையெழுத்தையும் நானே போட்டு, பட்டியலிலிருந்து எடுத்துவிட்டிருந்தேன். அவளுக்கு எதற்கு இந்த அலைச்சல் என்றுதான் செய்தேன். அவளிடம் கேட்க வேண்டும் என்று ஒருமுறைகூடத் தோன்றவில்லை.

“முதுகுவலின்னு எழுதிக் கொடுத்தேன்” என்றேன்.

“யாருக்கு?” என்றாள்.

மறுநாள் மனு கொடுக்க வந்தவர்களின் வரிசையில் அவளும் நின்றாள். அரைநாள் லீவு போட்டிருந்தாள். பக்கத்து இருக்கைக்காரர் பதறி எழுந்தார். நேற்று வகுப்பில் எனக்குக் கைதட்டியவர்.

“அண்ணி, நீங்க எதுக்கு வரிசையில நிக்கிறீங்க? அண்ணன்கிட்ட கொடுத்து விட்டிருக்கலாமே!”

“நான் கொடுத்து விடாமலே மூணு மனு கொடுத்திருக்காருங்க. அதான் நானே வந்தேன்.”

அவள் முறை வந்தது. விலக்கு வேண்டாம் என்று அவள் கைப்பட எழுதிய தாளை என் முன்னால் வைத்தாள். “கையெழுத்து சரியா இருக்கா பாருங்க, சார்” என்றாள்.

பார்த்தேன். நான் மூன்று முறை போட்ட கையெழுத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.