விசிறியைத் துடைக்கவில்லை

அம்மா இறந்த பிறகும் அவளுடைய மடிக்கணினி தினமும் விடிவதற்கு முன் விழித்துக்கொள்கிறது என்று அப்பா போனில் சொன்னார். பால் வாங்கி வைத்தேன் என்பதைப் போன்ற சாதாரணக் குரலில்.

"தானாவா?"

"நான் அதத் தொடறதே இல்ல பாப்பா. முதல்ல மூச்சு வரும். அப்புறம் வெளிச்சம்."

சர்க்யூட் போர்டுகளைச் சோதிப்பது என் தொழில். எதுவும் தானாக நடப்பதில்லை என்பதை நம்பித்தான் சம்பளம் வாங்குகிறேன். விடுப்பு எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

தெருமுனையிலேயே சித்தி பிடித்துக்கொண்டாள்.

"உங்கப்பா கட்டிலத் தூக்கி அந்த மேஜை பக்கத்துல போட்டுட்டு உக்காந்திருக்காரு. உசுரோட இருந்தப்ப எங்கக்கா வாயத் தொறந்தா பேப்பரால மூஞ்சிய மறைச்சுக்குவாரு. இப்ப அது மூச்சு விடறதக் காது குடுத்துக் கேக்கறாராம். எங்க போய் முட்டிக்கறது?"

அம்மாவின் வேலையைச் சொல்லிவிடுகிறேன். எங்கோ தொலைவில் டாக்டர்கள் நோயாளிகளைப் பார்த்துவிட்டுக் குறிப்புகளைப் பேசிப் பதிவு செய்வார்கள். அம்மா அதைக் காதில் வாங்கித் தட்டச்சு செய்து அனுப்புவாள். அங்கே வேலை முடியும் நேரம் இங்கே விடியும் நேரம். சமையலறை வாசலை ஒட்டிய குட்டி மேஜை, அதன் மேல் விரித்த புத்தக அளவே உள்ள மடிக்கணினி, காலடியில் பதிவை நிறுத்தவும் ஓட்டவும் ஒரு மிதி. அதுதான் அவள் அலுவலகம். டாக்டர்களை முகம் பார்த்ததில்லை. கொட்டாவி, அவசரக்குடுக்கை, மூக்கடைப்பு என்று பெயர் வைத்திருந்தாள். நோயாளிகளின் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. அதை மீறமாட்டாள். ஆனால் சாப்பிடும்போது, "நம்ம முழங்கால்காரர் இன்னைக்கு மாடி ஏறிட்டாராம்" என்பாள். எங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். ஒருநாள் சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தாள். யார் என்று கேட்டதற்கு, "இனிமே அவங்க ஃபைல் வராது" என்றாள்.

அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது: அப்பாவை எழுப்புவது. அப்பா அச்சகத்தில் காகிதம் வெட்டுபவர். இடி விழுந்தாலும் புரண்டு படுக்கிற ஆள். அம்மா கூப்பிடமாட்டாள். காலடியில் போர்வையை இரண்டு மடிப்பாக நேர்த்தியாக மடித்து வைப்பாள். பிறகு கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு சொடுக்கு. எனக்கும் பள்ளிக்கூட நாட்களில் அதேதான். விரல்கள் ஜில்லென்று இருக்கும்.

நான் போய்ச் சேர்ந்த மாலையே அதைப் பார்த்தேன். மூடி சரியாக மூடவில்லை. திறந்தேன். சுட்டியை நகர்த்தும் தகடு நடுவில் புடைத்து நின்றது. கையை வைத்தால் உள்ளிருந்து யாரோ விரலால் எதிர்த்துத் தள்ளுவதுபோல.

"அப்பா, பேட்டரி உப்பியிருக்கு. இது தீப்பிடிக்கும். நீங்க தலையை வச்சுப் படுக்கறது இதுகிட்டதான்."

"திறந்தா மூச்சு நின்னுடுமா?"

"நிக்கலாம்."

"அப்ப வேண்டாம். அவ வேல பாக்கத்தான் வர்றா. மிஷின் இல்லேன்னா எதுக்கு வருவா?"

வாதாடவில்லை. அதைத் துணியில் சுற்றிக் கட்டிலிலிருந்து தள்ளி வைக்கலாமா என்றேன். அதற்கும் தலையாட்டவில்லை.

விடிவதற்கு முன் கேட்டேன். நான் கூடத்தில் பாயில் படுத்திருந்தேன். சமையலறையில் வெளிச்சம் வந்தது. அப்பாவின் முதுகு தெரிந்தது. மேஜை மேல் யாரும் தொடாத பெட்டி மூச்சை இழுத்தது. பாதியில் எங்கோ சிக்கியது. பிறகு விட்டது. மூக்கடைத்த ஒருவர் தூங்குவதுபோல. அம்மா கடைசி நாட்களில் மூச்சுவிட்டது அப்படித்தான். கை மயிர் குத்திட்டு நின்றது. ஆனால் விளக்கு முதலில், பெட்டிக்குள் சுழலும் விசிறி பிறகு என்பதையும் மனம் குறித்துக்கொண்டது. பழக்க தோஷம்.

மதியம் சித்தி வந்து கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்தாள். "எங்கக்கா பேயா வந்தாலும் வரட்டும். நீங்களும் கருகிப்போய் ரெண்டு பேரா வந்தா யாரு சமாளிக்கறது? திறடி" என்றாள். அப்பா நாற்காலியை மேஜைக்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டார். அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டேன்.

முதலில் அமைப்புகளைப் பார்த்தேன். மின்சாரம் வந்ததும் தானே இயங்கு என்ற கட்டளை தேர்வு செய்யப்பட்டிருந்தது. அணைத்து, சார்ஜரைப் பிடுங்கிவிட்டுக் கவிழ்த்தேன். ரப்பர் கால்களுக்கு அடியில் இரண்டு திருகுகள் ஒளிந்திருக்கும். அவற்றை விட்டுவிட்டு நெம்பினால் உடல் பிளந்துவிடும். எல்லாவற்றையும் கழற்றி முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டேன். பழைய பிளாஸ்டிக் அட்டையால் விளிம்பை நெம்பினேன். அடிப்பலகை முனகிக்கொண்டு விட்டுக்கொடுத்தது.

பேட்டரி தலையணைபோல் இருந்தது. இணைப்பை விடுவித்துத் தூக்கினேன்; உள்ளே காற்று அசைந்தது. மணல் நிரப்பிய தகர வாளியில் போட்டுப் பின்கட்டுக்கு அனுப்பினேன். அமைப்புகளை நினைவில் வைக்கும் சின்னக் கடிகாரப் பேட்டரியும் சாகும் நிலையில் இருந்தது. இயக்கும் பொத்தானின் நாடா வயர் அறுந்திருந்தது. அறுந்த முனையை மடித்து, காயத்துக்குக் கட்டும் டேப்பால் அம்மா ஒட்டியிருந்தாள். டேப்பின் ஓரங்கள்கூட நேராக வெட்டப்பட்டிருந்தன.

அப்போது எல்லாம் சேர்ந்தது. பொத்தான் போனதும் அம்மா மின்சாரத்தையே பொத்தானாக்கிக்கொண்டாள். அந்த மேஜையின் பிளக்கும் சமையலறை விளக்கும் ஒரே ஸ்விட்ச். விளக்கைப் போடுவாள், பெட்டி விழிக்கும், தண்ணீர் கொதிப்பதற்குள் தயாராகிவிடும். உப்பிய பேட்டரியில் சார்ஜ் ஒன்றும் நிற்காததால், இப்போது விளக்கை அணைத்தால் பெட்டியும் செத்துவிடுகிறது. மறுநாள் விளக்குப் போட்டால் எழுகிறது. போடுவது அப்பா.

இதை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் விசிறியைக் கழற்றினேன்.

அச்சைச் சுற்றி முடி. கறுப்பும் வெள்ளையுமாக, நூல்கண்டில் நூல் சுற்றியதுபோல. விரலால் சுழற்றினேன். ஒரு சுற்றில் ஓரிடத்தில் சிக்கி, விட்டது.

சித்தி எட்டிப் பார்த்தாள். "எங்கக்கா முடி" என்றாள். அதற்குமேல் பேசவில்லை. சித்தி பேசாமல் இருந்து நான் பார்த்ததில்லை.

புதிய பேட்டரிகளோடு ஒரு புதிய விசிறியும் கையோடு கொண்டுவந்திருந்தேன். விசிறியை மாற்றினால் சத்தமே இருக்காது. அப்பா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பழையதைத் துடைக்காமல் அப்படியே திருப்பி மாட்டினேன். என் தொழிலில் இதற்கு மன்னிப்பு கிடையாது. புதியது அதன் உறையிலேயே இருக்கிறது.

இரண்டு பேட்டரிகளையும் மாற்றினேன். அமைப்புகள் எல்லாம் அழிந்துபோயிருந்தன. ஒரு சின்ன ஊசியால் பொத்தானின் புள்ளிகளை இணைத்து ஒருமுறை இயக்கி, அம்மா போட்ட அந்தக் கட்டளையை என் கையால் மறுபடி போட்டேன். அணைத்து, மூடி, சார்ஜரைச் செருகினேன். பிறகு சமையலறைக்குப் போய் ஸ்விட்சைத் தட்டினேன். விளக்கு வந்தது. பின்னால் மூச்சு வந்தது.

அப்பாவின் முகம் வாடிப்போகும் என்று நினைத்தேன். சிரித்தார்.

"இது எனக்குத் தெரியாதா? அந்த வயர இழுத்தவனே நான்தானே. ரெண்டு ஸ்விட்ச் போடச் சோம்பேறித்தனம்."

"அப்புறம் எதுக்கு விழிச்சுக்குதுன்னு சொன்னீங்க?"

"மிஷின்னு சொன்னாத்தான் நீ வருவ." சித்தி இருக்கிறாளா என்று திரும்பிப் பார்த்தார். அவள் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தாள். அப்பா குரலை இறக்கினார். "ஸ்விட்ச நான்தான் போடறேன். அதுக்கு என்னை யாரு எழுப்பறா? நான் என்னைக்காவது தானா எழுந்திருக்கேனா பாப்பா?"

அவர் தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

புதிய பேட்டரியில் ஒரு வித்தியாசம்: விளக்கை அணைத்தாலும் பெட்டி ஓடும். திரையில் அதை அணைக்கக் காட்டிக்கொடுத்தேன். படுக்கப்போகும்போது அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒற்றை விரலால் அணைத்து, மூடியை மெதுவாகச் சாத்தினார். இப்போது சரியாக மூடியது. "போயிட்டு வா" என்றார், அதனிடம்.

விடியவில்லை. யாரோ என் கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு சொடுக்கு இழுத்தார்கள்.

"விடுங்கப்பா" என்றேன், கண் திறக்காமல்.

கட்டிலில் குறட்டை கேட்டது.

எழுந்து உட்கார்ந்தேன். அப்பா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். தசைப்பிடிப்பு, நரம்பு, கனவு என்று எனக்குத் தெரிந்த காரணங்களை ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தேன். எல்லாமே பொருந்தின. ஆனால் என் போர்வை காலடியில் இரண்டு மடிப்பாக, ஓரம் ஓரத்தோடு சேர மடித்து வைக்கப்பட்டிருந்தது. கட்டைவிரல் ஜில்லென்று இருந்தது.

அப்பாவை இன்று யாரும் எழுப்பவில்லை.

சமையலறைக்குப் போனேன். ஸ்விட்சைப் போட்டேன். மேஜை மேல் மூச்சு இழுத்தது, சிக்கியது, விட்டது. திரும்பிப் பார்க்காமல் அதைக் கடந்து கட்டிலுக்கு வந்தேன். அப்பாவின் காலடியில் போர்வையை இரண்டு மடிப்பாக மடித்தேன். கட்டைவிரலைப் பிடித்து இழுத்தேன்.

அவர் கண்ணைத் திறக்கவில்லை.

"வந்துட்டியா" என்றார்.

நான் விரலை விடாமல் நின்றேன். பின்னால் மூச்சு வந்துகொண்டிருந்தது.